பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கே!

"என் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு மொய் எழுதினாங்கன்னு இன்னைக்கும் சொல்லுவாங்க. அவங்களுக்கு மறதியாவது ஒண்ணாவது!" வீட்டுப் பெரியவர்களைப் பற்றி விசாரித்தால் இப்படி ஒரு பதில் அடிக்கடி வரும். அல்சைமர் நோயில் நம்மை ரொம்பவே ஏமாற்றுவது இந்த நம்பிக்கைதான் என்பது என் எண்ணம்.

காரணம், நோய் தொடங்கும் இடம். புது விஷயங்களை மனதில் பதிய வைக்க மூளைக்குள் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு சின்னப் பகுதி உண்டு. அல்சைமர் பெரும்பாலும் அதையும் அதை ஒட்டிய இடங்களையும்தான் முதலில் தாக்குகிறது. நரம்பு செல்களுக்கு வெளியே பீட்டா அமிலாய்டு என்ற புரதம் படிகிறது. உள்ளே டௌ என்ற புரதம் சிக்கு விழுந்த நூல் மாதிரி முறுக்கிக்கொள்கிறது. செல்கள் மெல்ல மெல்லச் சாகின்றன. எப்போதோ பதிந்துபோன பழைய நினைவுகள் கொஞ்ச காலம் தப்பிக்கின்றன. அதனால் மொய்க்கணக்கு நிற்கும். காலையில் சாப்பிட்டோமா என்பது நிற்காது.

சரி, "வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே?" இல்லை. 1901-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் டாக்டர் அலோயிஸ் அல்சைமர் பார்த்த அகஸ்டே டெட்டருக்கு வயது 51தான். பெயர் கேட்டால் அகஸ்டே என்றார். கணவர் பெயர் கேட்டாலும் அகஸ்டே. காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டே, சாப்பிடுவது கீரை என்றார். 1906-ல் அவர் இறந்த பிறகு மூளையை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் மேலே சொன்ன படிவையும் சிக்கையும் அல்சைமர் விவரித்தார்.

கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் உள்ளது. நகையை அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டு, மருமகள் திருடிட்டான்னு சாதிப்பது வேறு. (இது மாமியார்–மருமகள் சண்டையாகவே முடிந்துவிட்டால், யாரும் டாக்டரிடம் போகப்போவதில்லை.) ஒரே கேள்வியைப் பத்து நிமிஷத்தில் நாலு தடவை கேட்பது, பழகின தெருவில் வழி தெரியாமல் நிற்பது, வருஷக்கணக்காக வைத்த சாம்பாரில் அடுத்து என்ன போடுவது என்று திகைப்பது, இதெல்லாம் கவனிக்க வேண்டியவை.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 7.4 சதவீதம், அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்று 2023-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 2036-ல் இது 1.7 கோடியை நெருங்கலாம். டிமென்ஷியாவுக்கு முக்கியக் காரணம் அல்சைமர்தான்.

முழுதாகக் குணமாக்க மருந்து இல்லை. "அப்புறம் எதுக்கு டாக்டர்?" என்று கேட்கலாம். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் இவற்றாலும் இதே மாதிரி மறதி வரும். அவற்றைச் சரிசெய்ய வழி உண்டு. எது என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. போகும்போது, கூடவே இருப்பவர் ஒருவர் போகட்டும். என்னென்ன மாறியிருக்கிறது, எப்போதிலிருந்து என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்க. டாக்டர் முதலில் கேட்கப்போவதே அதைத்தான்.