மூன்றாவது பெட்டியில் ஒளியாதீர்கள்

கோடையில் செம்பரம்பாக்கம் ஏரியில் நீர் உள்வாங்கும்போது, கரையோரமாகக் காய்ந்த சேறும் சரளையும் வெளியே தெரியத் தொடங்கும். முழுக் கொள்ளளவில் 24 அடி நிற்கிற ஏரி இது. மழை பொய்த்த ஆண்டுகளில் அந்தத் தரை வெகுதூரம் உள்ளே போய்விடும். ஆள்காட்டிக் குருவி முட்டையிடத் தேடுவது இப்படிப்பட்ட இடங்களைத்தான். கூடு என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது. லேசான குழி, சுற்றிலும் சில கற்கள், நடுவில் கறுப்புத் திட்டுகளோடு மண்நிறத்தில் பெரும்பாலும் நான்கு முட்டைகள். அவை காலடியில் இருந்தாலும் கண்ணில் படாது.

ஆள் வருவது தெரிந்ததும் ஆள்காட்டி வெகுதொலைவிலேயே எழுந்து கத்த ஆரம்பித்துவிடும். ஒளிய வேண்டிய பறவை ஏன் ஊரைக் கூட்டுகிறது? அதன் கறுப்பும் வெள்ளையும் தரையோடு ஒட்டாதவை. குழியிலேயே உட்கார்ந்திருந்தால் அதுவே முட்டைக்கு அடையாளம் ஆகிவிடும். முன்கூட்டியே எழுந்துவிட்டால் எந்த இடத்திலிருந்து எழுந்தது என்று யாருக்கும் தெரியாது. பக்கிப் பறவையின் வழி நேர்எதிர். சருகு நிறத்தில் இருக்கும் அது, மிதிக்கிற தூரத்துக்கு நாம் போகும்வரை அசையாது. ஜோலியன் ட்ரோசியாங்கோ, மார்ட்டின் ஸ்டீவன்ஸ் உள்ளிட்டோர் ஜாம்பியாவில் நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. பக்கி வகைகளில் தாய்ப்பறவையின் உடல் சுற்றுப்புறத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறதோ அந்த அளவுக்குக் கூடு தப்பியது. சீக்கிரம் எழுந்து ஓடும் உப்புக்கொத்தி போன்ற பறவைகளில் முட்டையின் நிறம்தான் கணக்கில் வந்தது. எதை மறைப்பது, எப்போது அசைவது என்ற இரண்டும் சேர்ந்த ஒரே முடிவு அது.

இதே முடிவைத்தான் மொபைலிலும் கம்ப்யூட்டரிலும் ஒளிந்து விளையாடும் கேம்களில் பிள்ளைகள் எடுக்கிறார்கள், பெரும்பாலும் தப்பாக. ஒரு கூட்டம் நாற்காலி, டிரம், பூந்தொட்டி என்று ஏதாவது பொருளாக மாறி நிற்கும், அல்லது சுவரின் நிறத்தை உடம்பில் பூசிக்கொள்ளும். இன்னொரு கூட்டம் நேரம் முடிவதற்குள் அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். ‘கேரிஸ் மாட்’ என்ற கேமில் ‘பிராப் ஹண்ட்’ என்ற பெயரில் பிரபலமான இந்த ஆட்டம், 2017-இல் ‘கால் ஆஃப் டியூட்டி’ வரிசைக்குள்ளும் நுழைந்தது. புதிதாக ஆடுகிறவர் கலரை மட்டும் அச்சாகப் பொருத்திவிட்டு ஒரு மூலையில் போய் நிற்பார். முதலில் பிடிபடுவதும் அவர்தான்.

கண் முதலில் பிடிப்பது ஓர் உருவத்தின் விளிம்பை. நிறம் சரியாக இருந்தாலும் தோள், தலை, கை என்ற கோடு தெரிந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் இன்னஸ் கத்தில் குழு 2005-இல் இதைச் சோதித்தது. காகித முக்கோணங்களை அந்துப்பூச்சி போலச் செய்து, கீழே ஒரு புழுவைச் செருகி, ஓக் மரப்பட்டைகளில் குத்தி வைத்தார்கள். திட்டுகள் விளிம்பைத் தொட்டு வெட்டிச் சென்ற ‘பூச்சிகள்’ பறவைகளிடமிருந்து அதிகம் தப்பின. அதே திட்டுகள் உடலுக்குள்ளேயே அடங்கியிருந்தபோது அவ்வளவு பலன் இல்லை. சுவர் ஓரத்தில் நிற்பவர், சுவரில் உள்ள விரிசலோ நிழலோ தன் உடம்பின் குறுக்கே தொடர்ந்து ஓடுவதுபோல் பூசிக்கொண்டால் பிழைப்பார் என்று இதற்கு அர்த்தம்.

நிழல் இன்னொரு தொல்லை. மேலிருந்து வெளிச்சம் விழும்போது உடம்பின் மேற்பகுதி வெளுத்து, அடிப்பகுதி கறுத்து, தட்டையான சுவருக்கு முன்னால் உருண்டையாக ஏதோ நிற்பது தெரிந்துவிடும். மீனுக்கும் மானுக்கும் முதுகு கறுத்து வயிறு வெளுத்திருப்பது இதைச் சரிக்கட்டத்தான் என்று 1896-இல் எழுதியவர் அமெரிக்க ஓவியர் ஆபட் தேயர். அடிப்படை யோசனை நல்லதுதான். ஆனால் மனிதர் அங்கே நிற்கவில்லை. பூநாரை இளஞ்சிவப்பாக இருப்பதே அந்தி வானத்தில் மறைந்துபோகத்தான் என்றார். பழவேற்காட்டில் பூநாரைக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும்.

நிறம், விளிம்பு, நிழல் எல்லாம் சரி. எங்கே நிற்பது? இங்கேதான் தேடுபவரின் மூளை ஆட்டத்துக்குள் வருகிறது. பொருளியலாளர் ஏரியல் ரூபின்ஸ்டைனும் உளவியலாளர் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1990-களில் நான்கு பெட்டிகளை வைத்து ஒரு விளையாட்டு நடத்தினார்கள். பெட்டிகளின் மேல் வரிசையாக ஏ, பி, ஏ, ஏ என்று எழுதியிருக்கும். ஒருவர் ஏதாவது ஒரு பெட்டியில் புதையலை வைக்க வேண்டும், இன்னொருவர் ஒரே ஒரு பெட்டியைத் திறக்கலாம். கணக்குப்படி நான்கையும் சமமாக, குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுப்பதே ஒளிப்பவருக்குப் பாதுகாப்பு. மனிதர்கள் அப்படிச் செய்யவில்லை. ‘பி’ தனித்துத் தெரிகிறது, ஓரங்கள் இரண்டும் கண்ணில் படும், மிச்சமிருக்கும் மூன்றாவது பெட்டிதான் சவசவ என்று இருக்கிறது என்று நினைத்து, ஒளித்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் அங்கேயே வைத்தார்கள். தேடியவர்களும் அதையே நினைத்தார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் நேரே மூன்றாவதைத் திறந்தார்கள். யாரும் யோசிக்க மாட்டார்கள் என்று நாம் தேர்ந்தெடுக்கும் இடத்தை எல்லோருமே யோசித்துவிடுகிறார்கள். கேமில் தேடுபவர் கதவுக்குப் பின்னால் நிற்கும் பீப்பாயை முதலில் சுடுவது இதனால்தான்.

தேடுபவருக்கும் ஒரு பலவீனம் உண்டு. டச்சு ஆய்வாளர் லுக் டின்பெர்கன், பைன் காட்டில் பட்டாணிக் குருவி இனத்துப் பறவைகள் குஞ்சுகளுக்குக் கொண்டுவரும் புழுக்களைக் கவனித்தார். ஒரு வகைப் புழு புதிதாகக் காட்டில் வந்தால் பறவைகள் சில நாள் அதைத் தொடாது, பிறகு திடீரென்று அதையே அள்ளிக்கொண்டு வரும். பழகிய இரையின் உருவம் ஒன்று மனதில் பதிந்துவிடுகிறது, கண் அதையே தேடுகிறது என்று அவர் விளக்கினார். அவர் இறந்தபின், 1960-இல் அது அச்சானது.

இதைக் கேமாகவே ஆக்கிப் பறவைகளை ஆடவைத்தவர்கள் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஆலன் பாண்டும் ஆலன் காமிலும். திரையில் குழப்பமான பின்னணி, அதன்மேல் கம்ப்யூட்டர் வரைந்த அந்துப்பூச்சி. காக்கை இனத்தைச் சேர்ந்த புளூ ஜே பறவை பூச்சியைக் கண்டுபிடித்துக் கொத்தினால் தீனி கிடைக்கும். தப்பிய பூச்சிகள் மட்டும் கம்ப்யூட்டருக்குள் ‘இனப்பெருக்கம்’ செய்து அடுத்த தலைமுறையாக வரும். 2002-இல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வந்தது. தலைமுறை தாண்டத் தாண்டப் பூச்சிகள் கண்டுபிடிக்கக் கடினமாகின. அதோடு, ஒன்றைப் போல் ஒன்று இல்லாமலும் ஆகின. பலரும் ஒரே மாதிரி ஒளிந்தால் பறவை அந்த மாதிரியைக் கற்றுவிடுகிறது. அபூர்வமாக ஒளிந்தவனை அது தாண்டிப் போகிறது. ஆகவே உங்கள் அணியில் இரண்டு பேர் ஏற்கெனவே டிரம்மாக மாறியிருந்தால், மூன்றாவது டிரம்மாக நிற்பதைவிட நட்ட நடு ஹாலில் சுமாரான நாற்காலியாக நிற்பது மேல். இது என் கணிப்பு, ஆனால் அந்துப்பூச்சிகள் என் பக்கம்.

கேமில் மட்டுமல்ல, செம்பரம்பாக்கம் ஏரிக்குத் தெற்கிலும் மேற்கிலும் இருங்காட்டுக்கோட்டை தொடங்கி ஒரகடம் வரையுள்ள கார் ஆலைகளிலும் உதிரிபாக ஆலைகளிலும் சம்பளம் வாங்கிக்கொண்டு தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். கார் ஆலைகளில் பெயிண்ட் அடித்து முடிந்த உடற்பகுதி வரிசை வரிசையான குழல் விளக்குகளுக்கு நடுவே நகர்ந்து வரும். பளபளப்பில் விழும் விளக்குக் கோடு எங்கே நெளிகிறது என்று இன்ஸ்பெக்டர் பார்ப்பார். நெளிந்தால் அங்கே பள்ளம் அல்லது தூசி. கீறலுக்கு ஒளியத் தெரியாது, அதற்கு எந்த உத்தியும் கிடையாது. ஆனாலும் தப்பிவிடும்.

காரணத்தை ஜெரமி வுல்ஃபும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் காட்டினார்கள். விமான நிலையப் பெட்டிச் சோதனை மாதிரியான படங்களில் ஒரு பொருளைத் தேடச் சொன்னார்கள். பாதிப் படங்களில் அது இருந்தபோது சுமார் 7 சதவீதம் தவறவிட்டார்கள். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது தவறவிட்டது சுமார் 30 சதவீதம். அரிதாகக் கிடைப்பதைத் தேடும் மூளை ‘இல்லை’ என்று சீக்கிரமே முடிவு கட்டிவிடுகிறது. தரம் கூடக் கூடப் பழுது குறையும், பழுது குறையக் குறைய அதைக் கண்டுபிடிப்பது சிரமமாகும்.

அதே குழு பின்னர் ஒரு மாற்றையும் சோதித்தது. இடையிடையே சிறிது நேரம் அந்தப் பொருள் அடிக்கடி தென்படும்படி செய்து, சரியா தவறா என்று உடனே சொன்னால், அதன் பிறகு கொஞ்ச நேரத்துக்குத் தேடல் கூர்மையாகிறது. விமான நிலைய எக்ஸ்ரே திரைகளில் பொய்த் துப்பாக்கிப் படங்களை நடுநடுவே நுழைப்பதற்கு இதுவும் ஒரு நியாயம். தெரிந்தே பழுதான ஒரு பாகத்தை லைனில் அனுப்பி, சோதனை அதைப் பிடிக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் வாகன உதிரிபாக ஆலைகளிலும் உண்டு.