இடக்கைக்கும் வேலை கொடுங்கள்

வலக்கைக்கு மாவுக்கட்டுப் போட்ட பிறகுதான் பலருக்கு இடக்கையின் நினைவே வருகிறது. பல் தேய்க்க, பொத்தான் போட, பூட்டைத் திறக்க, எல்லாவற்றிலும் தடுமாற்றம். கையில் வலு இல்லாததால் அல்ல. இடக்கையைப் பெரும்பாலும் இயக்குவது மூளையின் வலப்பாதி, அதற்கு இந்த வேலைகளில் பயிற்சி போதவில்லை. எந்த வயதிலும் பழக்கலாம்.

எப்படிப் பழக்குவது என்று பார்க்கத் தஞ்சை மண்ணைவிட நல்ல இடம் கிடையாது. நடவு வயலில் இடக்கையில் நாற்று முடி இருக்கும். அதன் கட்டைவிரல் இரண்டு மூன்று நாற்றாகப் பிரித்துத் தள்ள, வலக்கை சேற்றில் ஊன்றும். தவிலில் வலக்கை விரல்களுக்குக் கூடு, இடக்கைக்குக் கழி. மிருதங்கத்தில் தொப்பி எனும் இடப்பக்கம் இடக்கையின் பொறுப்பு. ரவைப் பசை அப்பிய அந்தப் பக்கத்தில் 'தொம்' சரியாக விழவும், மணிக்கட்டை அழுத்திக் கும்கி என்னும் ஒலி கொடுக்கவும் ஆண்டுக்கணக்கில் சாதகம் வேண்டும். முதல் பாடமான 'தத் தித் தொம் நம்' மிக மெதுவாகத்தான் தொடங்கும். கை தெளிந்த பிறகே அடுத்த காலம்.

இந்த மூன்றிலும் இடக்கை வலக்கையைப் போலச் செய்ய முயல்வதில்லை. அதற்கென்று தனி வேலை, அதுவும் தினமும். வீட்டிலும் அப்படியே செய்யுங்கள். பல் தேய்ப்பது, மேசை துடைப்பது, சாவி திருப்புவது என ஒன்றை மட்டும் எடுத்து, தினம் சில நிமிடம், அவசரமில்லாத நேரத்தில் பழகுங்கள். அது இயல்பான பிறகு பென்சில் பிடிக்கலாம். பெரிய எழுத்தாக எழுதத் தொடங்குங்கள். அரிவாள்மனை, அடுப்பு, வண்டி ஆகியவற்றில் மட்டும் இந்தப் பரிசோதனை வேண்டாம். பக்கவாதத்தால் கை தளர்ந்தவர்கள் இயன்முறை மருத்துவர் சொல்படியே நடக்க வேண்டும். சிலருக்குத் தளர்ந்த கையைத்தான் அதிகம் பழக்கச் சொல்வார்கள்.

பிறவி இடக்கைக்காரர்களின் கதை வேறு. மிருதங்க வித்வான்கள் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் தஞ்சாவூர் உபேந்திரனும், வழக்கமாக வலக்கை வாசிக்கும் பக்கமான வலந்தலையை இடக்கையால் வாசித்தவர்கள். வலந்தலை சபையைப் பார்த்திருக்க வேண்டுமென்றால் வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டும். பழனியின் காலத்தில் அதற்கு இணங்காதவர்கள் இருந்தார்கள்; பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை ஆதரித்து மேடையேற்றினார். கை மாறவில்லை, இருக்கைதான் மாறியது. உங்கள் குழந்தை இடக்கையால் எழுதினால் அடித்து மாற்றாதீர்கள்.