தானத்துக்கு முன் ஏன் அந்த இடைவெளி?

ராகம், தானம், பல்லவி தனித்தனித் தடங்களாக உள்ள குறுந்தகட்டை எம்பி3 ஆக்கினால், தம்புரா நடுவே ஒரு கணம் அறுந்துபோகலாம். எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட சட்டகங்களாகவே சேமிக்கிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்றால் ஒரு சட்டகம் சுமார் 26 மில்லிநொடி. கடைசிச் சட்டகம் நிறையாவிட்டால் மௌனத்தை இட்டு நிரப்பும்; தொடக்கத்திலும் கொஞ்சம் சேரும். எவ்வளவு சேர்ந்தது என்பதை லேம் (LAME) என்ற எம்பி3 குறியாக்கி கோப்பிலேயே எழுதிவைக்கிறது. அதைப் படித்து வெட்டத் தெரிந்த பிளேயரில் இடைவெளி வராது. இழப்பின்றிச் சேமிக்கும் ஃபிளாக் (FLAC) கோப்பில் இந்த நிரப்பல் தொல்லையே இல்லை. அதிலும் அறுந்தால், பெரும்பாலும் பிளேயர் அடுத்த கோப்பை முன்கூட்டித் திறக்காததே காரணம்; இடைவெளியற்ற ஒலிப்புக்கான அமைப்பை இயக்கிப் பார்க்க வேண்டும். ஒரு தடத்தின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேட் தீர்வல்ல: பல்லவிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கும் நடுவே தாளத்தையே குழப்பிவிடும்.