நீரை நிறுக்கும் செய்மதிகள்

நீருக்கும் நிறை உண்டு. குடம் சுமந்தோர் எவருக்கும் புதிதல்லாத இவ்வுண்மையைக் கொண்டே, வறண்ட நிலங்களின் அடியில் மறைந்து கிடக்கும் நீர் கூடுகிறதா குறைகிறதா என்பதை வானிலிருந்து கணிக்கும் முறையொன்றை விஞ்ஞானிகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே கண்டனர். மழைக்குப் பேர்போன கினிகத்தேனையில் இருந்துகொண்டு பாலைவனத்து நீரைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் வினவலாம். காரணம் உண்டு, அதனைச் சற்றுப் பொறுத்துக் கூறுவேன்.

2002ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி, அமெரிக்காவின் நாசாவும் ஜேர்மனிய விண்வெளி நிலையமும் கூட்டாக, ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் ஏவுதளத்திலிருந்து ‘கிரேஸ்’ என்னும் பெயர்கொண்ட இரு செய்மதிகளை விண்ணிற் செலுத்தின. நிலத்தைப் படம்பிடிப்பது இவற்றின் வேலையன்று. ஏறத்தாழ 500 கிலோமீற்றர் உயரத்தில், தம்முள் 220 கிலோமீற்றர் இடைவெளி விட்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பாதையில் ஓடுவதும், அந்த இடைவெளியை நுண்ணலைகளால் ஓயாது அளந்துகொண்டிருப்பதுமே இவற்றின் தொழில். துரத்தி ஓடும் இவ்விரட்டையருக்கு விஞ்ஞானிகள் டொம் என்றும் ஜெரி என்றும் பூனைக்கும் எலிக்கும் உரிய செல்லப்பெயர்களை இட்டிருந்தனர்.

நிறை மிகுந்த நிலப்பகுதியை முன்செல்லும் செய்மதி அணுகும்போது, அந்நிலத்தின் ஈர்ப்பினால் அது சற்றே விரைவுறும், இடைவெளி விரியும். அது கடந்து சென்றபின் அதே ஈர்ப்பு அதனைப் பின்னுக்கு இழுக்க, பின்வருவது முன்னே இழுபடும், இடைவெளி சுருங்கும். இவ்வேறுபாடு தலைமயிரின் தடிப்பில் பத்திலொரு பங்கேயாயினும் கருவி அதனைக் கண்டுகொள்ளும். மாதந்தோறும் இவ்வாறு உலகம் முழுவதற்கும் ஈர்ப்புப் படமொன்று வரையலாம். மலைகள் மாதத்துக்கு மாதம் கூடிக் குறைவதில்லை. ஆகவே ஒரு மாதத்துப் படத்துக்கும் மறு மாதத்துப் படத்துக்கும் உள்ள வேற்றுமை, பெரும்பாலும் நீரினால் வந்த வேற்றுமையே.

ஆயினும் அந்நீர் முழுவதும் நிலக்கீழ் நீரன்று. மண்ணின் ஈரம், ஏரி, ஆறு, பனி யாவும் அதில் அடங்கும். அவற்றை வேறு அளவைகளாலும் கணிப்புகளாலும் மதிப்பிட்டுக் கழித்தபின் எஞ்சுவதே நிலத்தின் அடியில் உள்ளது. எங்கள் தோட்டத்து மக்களுக்கு இதனை விளக்க அதிக நேரம் வேண்டாம். மழை நாளில் மடுவத்திலே கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு இவ்வளவு, இலையில் ஒட்டிய நீருக்கு இவ்வளவு என்று கழிப்பதை அவர்கள் அறிவர். அக்கழிவு எவ்வளவு என்பதிலே நிறுப்பவருக்கும் பறித்தவருக்கும் வழக்கு ஓய்ந்ததில்லை. விஞ்ஞானிகளிடையேயும் ஏறக்குறைய அதே கதைதான்.

இத்தராசு முதலிற் பலரைத் திடுக்கிடச் செய்தது வடமேற்கு இந்தியாவைப் பற்றிய கணக்கினால் ஆகும். தார்ப் பாலைவனத்தைத் தன்னகத்தே கொண்ட இராஜஸ்தானும், அதனை அடுத்த பஞ்சாபும் ஹரியானாவும், 2002 ஓகஸ்ட் முதல் 2008 ஒக்டோபர் வரையான காலத்தில் 109 கன கிலோமீற்றர் நிலக்கீழ் நீரை இழந்தன என்று மத்தேயு ரொடெல், இசபெல்லா வெலிக்கோனா, ஜேம்ஸ் ஃபமிலியெட்டி ஆகிய மூவரும் 2009இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் எழுதினர். ஆண்டுக்கு 17.7 கன கிலோமீற்றர், அதில் 4.5 கூடலாம் அல்லது குறையலாம் என்றும் அவர்கள் மறைக்காது குறித்தனர். நம் நாட்டு விக்டோரியா நீர்த்தேக்கம் 72 கோடி கன மீற்றர் கொள்ளும். அதனை 150 தடவை நிரப்பத்தக்க நீர் ஆறே ஆண்டுகளில் மறைந்தது. அவ்வாண்டுகளில் மழையும் பெரிதாகப் பொய்த்ததில்லை. நீரை உண்டது வயல்.

பாலையின் ஓரத்திலே நெல்லும் கோதுமையும் மாறிமாறி விளைந்ததற்குப் பின்னே ஆழ்குழாய்க் கிணறுகள் இருந்தன. பஞ்சாபில் 1997 முதல் உழவருக்கு மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. விலையில்லாத மின்சாரத்தில் ஓடும் பம்பியை நிறுத்துவதற்கு எவருக்கு மனம் வரும்? உழவரைக் குறைகூற நான் துணியேன். நாட்டின் பசியைத் தீர்க்குமாறு அவர்களைக் கேட்டவர்கள் வேறு. 2009இல் அம்மாநிலம் நிலக்கீழ் நீரைக் காக்கச் சட்டம் இயற்றி, ஜூன் 10ஆம் திகதிக்கு முன் நாற்று நடுவதைத் தடுத்தது. நடவு பிந்தியதால் அறுவடையும் பிந்தி, வைக்கோல் எரிக்கும் புகை டில்லியைச் சூழ அதுவும் ஒரு காரணமாயிற்று என்று வாதிப்போரும் உளர்.

அராபியப் பாலையில் நிகழ்ந்தது இன்னும் வெளிப்படையானது. லாண்ட்சாட் என்னும் வேறு வகைச் செய்மதிகளின் படங்களில், சவூதி அரேபியாவின் வாடி சிர்ஹான் பள்ளத்தாக்கிலே 1980களுக்குப் பின் பச்சை வட்டங்கள் பெருகியதைக் காணலாம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை, பாறையின் அடியில் தேங்கியிருந்தது; அதனை இறைத்துக் கோதுமை விளைத்து, ஒரு காலத்தில் அந்நாடு ஏற்றுமதியும் செய்தது. இன்றைய மழையோ அங்கே அதனை ஈடுசெய்யப் போதாது. 2008இல் அரசே உள்நாட்டுக் கோதுமைக் கொள்வனவைப் படிப்படியாகக் குறைத்து 2016இல் நிறுத்துவதென முடிவு செய்தது.

முதற் செய்மதிகள் 2017இல் பணி முடித்தன. அவற்றின் வழித்தோன்றல்கள் 2018 மே 22ஆம் திகதி புறப்பட்டன. இனி நான் ஒத்திவைத்த காரணத்தைக் கூறலாம். இத்தராசு பெரும் பரப்புகளையே நிறுக்கும். ஏறத்தாழ இரண்டு இலட்சம் சதுர கிலோமீற்றருக்குக் குறைந்த நிலத்தை அது நம்பத்தக்கவாறு பிரித்தறிவது அரிது. மேற்சொன்ன மூன்று மாநிலங்களும் சேர்ந்து அதனினும் இருமடங்குக்கு மேற்பட்டவை. இலங்கை முழுவதும் 65,610 சதுர கிலோமீற்றர்தான். தார்ப் பாலையின் தாகத்தை அறிந்த செய்மதிக்கு, நம் தீவின் கிணறுகள் தெரியா.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புப் பாறையிலே தங்கும் மாரி மழையே அங்கு கிணற்று நீர். உவர்நீரின்மேல் மிதக்கும் அந்நன்னீரை அளவின்றி இறைத்தால் கிணறு உவர்க்கும். கயிறுவிட்டு அளப்பவர் கணக்கையே அங்கு நம்பவேண்டும். எங்கள் மலையிலும் நிலை வேறன்று. அயலிலுள்ள வட்டவளை ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இடம். ஆனால் முதலிற் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகக் காடு அழிந்த இச்சரிவுகளில் நீர் தங்கி ஊறுவதற்கு அவகாசமில்லை. மாசி மாதத்தில் பீலிக்கரையிலே குடங்கள் வரிசைகட்டி நிற்கும். லயத்துப் பெண்கள் கொழுந்துக்குப் போகுமுன் இருட்டிலேயே எழுந்து இடம்பிடிப்பர். எந்தப் பீலி எந்த ஆண்டில் மெலிந்தது என்பதற்கு நானறிய இப்பகுதியில் குறிப்பேடொன்றும் இல்லை.

ஆதலால் என் மாணவரைக் கொண்டு ஒன்றைத் தொடங்கினேன். வாரம் ஒருமுறை, ஒரே வாளியை ஒரே பீலியின்கீழ் வைத்து, அது நிறையும் வரை எண்ணி எழுதுகின்றனர். ஐப்பசியில் இருபது எண்ணுமுன் நிறைந்த வாளி, மாசியில் நூறு எண்ணியும் நிறையவில்லை. வைகாசி மழை தொடங்கிய மறுவாரமே பழைய வேகம் திரும்புமென அவர்கள் எதிர்பார்த்தனர். அதற்கு ஐந்து வாரம் சென்றது. அந்த ஐந்து வாரம் நீர் எங்கே சென்றது என்று ஏழாம் வகுப்புச் சிறுமியொருத்தி கேட்டாள். அடுத்த பாடம் அதுதான்.