கோர்ட்டு குமாஸ்தா தேடிய அண்ணன்கள்

நியூயார்க் நகரத்துச் சிறுவர் கோர்ட்டு. ஜட்ஜின் முன்னால் ஒரு பையன் தலை குனிந்து நிற்கிறான். அவனுக்குப் பின்னால் இன்னொரு பையன். அவனுக்குப் பின்னால் இன்னும் பலர். திருட்டு, அடிதடி, ஊர் சுற்றல் — இவைதான் குற்றங்கள்.

சின்னப் பிள்ளைகளைப் பெரிய குற்றவாளிகளோடு சேர்த்து விசாரிக்கக் கூடாது என்று 1902-ம் ஆண்டில் தனியாகத் தொடங்கப்பட்ட கோர்ட்டு அது. அங்கே குமாஸ்தாவாக இருந்தவர் எர்னஸ்ட் கூல்ட்டர்.

தினமும் இந்தப் பையன்களின் முகத்தைப் பார்ப்பதே அவர் வேலையாகிவிட்டது. வழக்கு முடியும். சிலர் வீட்டுக்குப் போவார்கள். சிலர் சீர்திருத்தப் பள்ளிக்குப் போவார்கள். பிறகு? அவர்களை ஏன் என்று கேட்க ஊரில் யாரும் இல்லை. கூல்ட்டர் மனதை அரித்தது இதுதான்.

சுமார் 40 பேர்!

1904-ம் ஆண்டு ஒரு நாள் இரவு நகரத்து மாதா கோவில் ஒன்றைச் சேர்ந்த ஆண்கள் சங்கத்தில் அவர் பேசினார். கேட்க வந்தவர்கள் எல்லோரும் நல்ல நிலையில் இருந்தவர்கள். கூல்ட்டர் அவர்களிடம் பணம் கேட்கவில்லை. கோர்ட்டில் நிற்கும் ஒரு பையனைப் பற்றிச் சொன்னார். இவ்வளவு பெரிய ஊரில் அவன் பிழைத்தானா, செத்தானா என்று கவலைப்பட ஒரே ஒரு மனிதர் வேண்டும், அவனுக்கு அண்ணனாக இருக்க யாராவது வருவீர்களா என்று கேட்டார்.

சுமார் 40 பேர் முன்வந்தார்கள். ஆளுக்கு ஒரு பையன். இதுதான் கணக்கு!

‘பெரிய அண்ணன்’ இயக்கம் இப்படித்தான் பிறந்தது. பெண் பிள்ளைகளுக்கு ‘பெரிய அக்காள்’ இயக்கமும் தனியாக வளர்ந்தது. 1977-ம் ஆண்டில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. இன்றும் அமெரிக்கா முழுவதும் இது நடக்கிறது.

அண்ணனுக்கும் விசாரணை

நான் அண்ணனாக இருக்கிறேன் என்று சொன்னவுடன் பிள்ளையைக் கையில் ஒப்படைத்துவிட மாட்டார்கள். மனுப் போட வேண்டும். தெரிந்தவர்கள் நற்சாட்சி சொல்ல வேண்டும். போலீஸ் வழக்கு ஏதாவது உண்டா என்று பார்ப்பார்கள். நேரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். பெற்ற தாயோ, வளர்க்கும் பாட்டியோ சம்மதிக்க வேண்டும். ஊர் பேர் தெரியாத ஒருவரை நம்பிப் பிள்ளையை அனுப்புவது என்றால் சும்மாவா? இந்தக் கண்டிப்பு தேவைதான்.

குறைந்தது ஒரு வருஷமாவது வருவேன் என்று அண்ணன் வாக்குக் கொடுக்க வேண்டும். மாதத்தில் இரண்டு, மூன்று நாள் வருவார். சில மணி நேரம் இருப்பார். இருவரும் பந்து விளையாடுவார்கள். கடைக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். கெட்டுப் போன சைக்கிளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு பேசுவார்கள்.

இவ்வளவுதானா? இதனால் என்ன பயன்?

பலர் இப்படிக் கேட்டார்கள். ஆகவே ஒரு பரீட்சை நடந்தது. 8 நகரங்களில் அண்ணனோ அக்காளோ வேண்டும் என்று மனுப் போட்ட 959 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் 10 வயது முதல் 16 வயது வரை உள்ளவர்கள். பாதிப் பேருக்கு உடனே துணை தேடிக் கொடுத்தார்கள். மற்றப் பாதிப் பேரைக் காத்திருக்கச் சொன்னார்கள். 18 மாதம் கழித்து இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

1995-ம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. புதிதாகப் போதை மருந்து பழகுவது 46 சதவீதம் குறைந்திருந்தது. அதாவது, துணை இல்லாத கூட்டத்தில் 100 பேர் பழகினார்கள் என்றால் துணை உள்ள கூட்டத்தில் 54 பேர்தான்! புதிதாகக் குடிக்கத் தொடங்குவது 27 சதவீதம் குறைவு. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. மார்க்கு மட்டும் கொஞ்சம்தான் கூடியது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

உபதேசம் எடுபடவில்லை

அதே சமயத்தில் இன்னொரு ஆராய்ச்சியும் நடந்தது. இது எனக்கு மிகவும் பிடித்தது. அண்ணன்மார்களில் இரண்டு வகை இருந்தது தெரிந்தது. ஒரு வகையினர் வந்தவுடனே, “நீ இப்படி நட, அப்படிப் படி” என்று பையனைத் திருத்தப் புறப்பட்டவர்கள். மற்றவர்கள், “இன்று எங்கே போகலாம்? நீயே சொல்” என்று கேட்டவர்கள்.

திருத்த வந்தவர்களின் உறவு பெரும்பாலும் முறிந்து போயிற்று! பையன் சொன்ன நேரத்துக்கு வர மாட்டான். அண்ணனுக்குக் கோபம் வரும். பிறகு அவரும் வர மாட்டார். சும்மா பழகியவர்களின் உறவோ நிலைத்தது. நாள் ஆக ஆக, பள்ளிக்கூடத்துக் கஷ்டத்தைப் பையன்களே சொல்லத் தொடங்கினார்கள்.

நான்கு மணி நேரம் ஒரு பையனோடு உபதேசம் செய்யாமல் உட்கார நம்மால் முடியுமா? என்னால் முடியாது என்றுதான் தோன்றுகிறது.

பாதியில் விட்டால்?

முக்கியமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. அந்த 8 நகரத்துப் பிள்ளைகளின் கணக்கை மறுபடியும் எடுத்து, எவ்வளவு காலம் உறவு நீடித்தது என்று பிரித்துப் பார்த்தார்கள். 2002-ம் ஆண்டில் வெளிவந்தது அந்த முடிவு. ஒரு வருஷமும் அதற்கு மேலும் நீடித்த உறவில்தான் நன்மை அதிகம். மூன்று மாதத்துக்குள் விட்டுவிட்டுப் போன இடங்களில் பிள்ளைகளுக்குத் தங்கள் மேல் இருந்த மதிப்பே குறைந்து போயிருந்தது!

நல்லது செய்ய வந்தவர் கெடுதல் செய்துவிட்டுப் போகிறார். அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. வேலை மாற்றம், கல்யாணம், அலுப்பு என்று அவருக்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும். பையனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? அப்பா போனார், இப்போது இவரும் போய்விட்டார் என்றுதானே நினைப்பான்?

ஆகையால்தான் அண்ணனோடும் பையனோடும் தாயோடும் அடிக்கடி பேசி விசாரிக்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். சண்டை வந்தால் சமாதானம் செய்வது அவர்கள் பொறுப்பு. பிரிந்தே தீர வேண்டும் என்றால் சொல்லாமல் நின்றுவிடக் கூடாது. நேரில் வந்து, காரணத்தைச் சொல்லி, விடை பெற்றுக்கொண்டு போகும்படி கேட்டுக்கொள்கிறார்கள்.

அக்காளாக வரப் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். ஆண்கள்தான் குறைவு. ஆகவே அண்ணன் வேண்டும் என்று பெயர் கொடுத்த பையன்கள், பெண் பிள்ளைகளைவிட அதிக நாள் காத்திருக்கிறார்கள்.