நகர வனமும் நமது உக்கிராணத்துவமும்

லேவியரின் பட்டணங்களைச் சுற்றி நாற்புறமும் இரண்டாயிரம் முழம் அளந்து வெளிநிலம் விடும்படி எண்ணாகமம் 35ஆம் அதிகாரம் பணிக்கிறது. அது கால்நடைகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலமே, காடு அன்று. ஆயினும் பட்டணம் எழும்பும்போதே கட்டப்படாத நிலத்தையும் அளந்து வைக்கவேண்டும் என்னும் கருத்து அங்கே தெளிவாக உண்டு. இன்றைய "நகர வனம்" பற்றிய சிந்தனைக்கு இது நல்ல தொடக்கம் எனலாம்.

சாலையோரங்கள், பூங்காக்கள், பள்ளி வளாகங்கள், கல்லறைத் தோட்டங்கள், வீட்டு முற்றங்கள் ஆகியவற்றில் நிற்கும் மரங்கள் யாவற்றையும் ஒரே வனமாகக் கருதித் திட்டமிட்டுப் பேணுவதே நகர வன மேலாண்மை. மரங்கள் தம் நிழலாலும், இலைகள் வெளிவிடும் நீராவியாலும் வெப்பத்தைத் தணிக்கின்றன. மழைநீர் மண்ணுக்குள் இறங்கத் துணைசெய்கின்றன. வெப்பத்தின் கொடுமையை மிகுதியாய்ச் சுமப்போர் தகரக் கூரையின்கீழ் வாழும் ஏழைகளும் தெருவில் உழைப்போருமே. ஆகவே மர நிழல் நீதியைச் சார்ந்த பொருளாகிறது.

மரம் நடுவது மட்டும் போதுமா? 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் ஒரே நாளில் வீழ்ந்தன. விரைவில் வளரும் செம்மயிற்கொன்றை, இயல்வாகை போன்ற அயல்நாட்டு மரங்கள் அவற்றுள் பல. குழாய்களுக்கும் கம்பிகளுக்குமாகத் தோண்டும்போது வேர்களை வெட்டுவதும், அடிமரம்வரை சிமென்டு பூசுவதும் எம்மரத்தையும் வலுவிழக்கச் செய்யும்.

வல்லுநர் தரும் இரு அளவுகோல்கள் நமக்கு உதவும். ஒரு நகரின் மரங்களில் ஒரே இனம் நூற்றுக்கு 10க்கும், ஒரே பேரினம் 20க்கும், ஒரே குடும்பம் 30க்கும் மேற்படலாகாது என்று 1990இல் அமெரிக்கரான சாண்டமூர் கூறினார். ஒரே வகை மரங்கள் ஒரே நோயால் அழியும் என்பதே காரணம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 3 மரங்கள் தெரியவேண்டும், ஒவ்வொரு பகுதியிலும் நூற்றுக்கு 30 பங்கு மர நிழல் வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பசுமைவெளி வேண்டும் என்னும் விதியை 2021இல் நெதர்லாந்து அறிஞர் கோனைநென்டைக் முன்வைத்தார்.

நமது சபைகள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, வளாகத்து மரங்களை வகையும் நிலையும் குறித்துப் பதிவேட்டில் எழுதுதல். இரண்டாவது, வேம்பு, புங்கு, பூவரசு, நாவல் என நம் மண்ணுக்குரியவற்றைக் கலந்து நடுதல். மூன்றாவது, அடிமரத்தைச் சுற்றி மண்ணைத் திறந்துவிட்டு, முதற் கோடைகளில் தவறாது நீர் ஊற்றுதல்.

இங்கே நம் குறையை நாம் அறிக்கையிடவேண்டும். விழா நாளில் ஓர் ஆயர் நட்ட கன்று அடுத்த ஆயரின் காலத்தில் கருகிப்போவது உண்டு. வாடகை வருமானத்தை நாடி முதிர்ந்த மரத்தை நாமே வீழ்த்துவதும் உண்டு. முற்றுகைப் போரிலும் கனிதரும் மரத்தை வெட்டலாகாது என்பது உபாகமம் 20ஆம் அதிகாரத்தின் பிரமாணம். போரில் விலக்கப்பட்டதைச் சமாதான காலத்தில் நாம் செய்யலாமோ? ஆயர் மாற்றலாகிச் செல்வார்; மரம் அங்கேயே நிற்கும். ஆகவே மரப் பராமரிப்பு சேகரக் கமிட்டியின் தீர்மானத்திலும் வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறுவதாக.

பட்டணத்தின் சமாதானத்தைத் தேடும்படி சிறையிருப்போருக்கு எரேமியா எழுதிய நிருபமே தோட்டங்களை நாட்டவும் சொல்லுகிறது. வெளிப்படுத்தலின் இறுதிக் காட்சியும் மரம் நிற்கும் ஒரு நகரமே. அந்நகரை நோக்கி நடக்கும் நாம், வழியிலுள்ள நகரத்திற்கும் நிழல் தருவோமாக.