கோள்களை அளப்போம் – 9: தனுஷ்கோடிக் கடலடியில் ஒரு பச்சை ஒளி

சென்ற வாரம் பார்த்த மோலா கருவி, லேசர் துடிப்பு தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டே செவ்வாய் முழுவதற்கும் உயர வரைபடம் போட்டது. அங்கே கடல் இல்லை. அகச்சிவப்பு ஒளியே போதுமானதாக இருந்தது. நம் கடலில் அந்த ஒளி செல்லாது. தண்ணீர் அதை விழுங்கிவிடும்.

உச்சிப்புளிக்கு வடக்கே அரியமான் கடற்கரை, தெற்கே புதுமடம். சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கடல்கள். கிழக்கே பாம்பனையும் ராமேசுவரத்தையும் தாண்டினால், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் வரை நீருக்குள் நீண்டு கிடக்கிறது ராமர் பாலம் என்றும் ஆதாம் பாலம் என்றும் நாம் சொல்லும் மேடு. பெரிய அளவைக் கப்பல் நுழைய அங்கே ஆழம் போதாது. நடுவில் இரு நாட்டு எல்லை வேறு. வானிலிருந்து எடுத்த படங்களில் மணல் தீடைகள் தெரியும், அவற்றைச் சுமக்கும் மேட்டின் உயரம் தெரியாது.

2018 செப்டம்பரில் நாசா ஏவிய ஐஸ்சாட்-2, துருவப் பனியின் உயரத்தை அளக்கப் போன செயற்கைக்கோள். அதன் லேசர் பச்சை நிறம்; நொடிக்கு 10,000 துடிப்புகள். ஒரு துடிப்பில் ஏறத்தாழ 20 லட்சம் கோடி ஃபோட்டான்கள் கிளம்புகின்றன, திரும்பி வந்து சேர்பவை பத்துப் பன்னிரண்டுதான். தெளிந்த கடலில் அவற்றில் சில நீர்ப்பரப்பிலேயே திரும்பிவிடும். சில அடிமணலைத் தொட்டுவிட்டு வரும். அந்தக் கால வித்தியாசம்தான் ஆழம். நீருக்குள் ஒளியின் வேகம் குறைவதால், திருத்தாமல் விட்டால் 3 மீட்டர் ஆழம் 4 மீட்டராகத் தெரியும். கலங்கிய நீரிலோ அடிமணலின் சேதியே வராது.

இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மைய விஞ்ஞானிகள் 2018 அக்டோபர் முதல் 2023 அக்டோபர் வரை கிடைத்த இத்தகைய ஃபோட்டான்களில் சுமார் 2 லட்சத்தைச் சேர்த்து, 29 கிலோமீட்டர் நீள மேட்டை வரைந்து 2024-ல் வெளியிட்டார்கள். மேட்டில் 99.98 சதவீதம் நீருக்குள் இருக்கிறது. 2, 3 மீட்டர் ஆழத்தில் 11 குறுகிய கால்வாய்கள் அதை வெட்டிச் செல்கின்றன. அவற்றின் வழியாக மன்னார் வளைகுடா நீரும் பாக் நீரிணை நீரும் கலக்கின்றன. எனக்கு இந்த ஆய்வில் மிகப் பெரிய விஷயம் இந்தக் கால்வாய்கள்தான்.

மேட்டின் வடிவத்தை லேசர் சொல்லும், வயதைச் சொல்லாது. அதற்குத் துளையிட்டு மணலும் பவளமும் எடுத்துச் சோதிக்க வேண்டும். விண்வெளிப் படம் ஒன்றைக் காட்டி வயது சொல்பவர்களை நம்பாதீர்கள்.

ஆய்விதழில் வந்த அந்த வரைபடம் மண்டபம், பாம்பன் மீனவர்களின் கைக்கும் வந்து சேர வேண்டும். ஆழத்தை அவர்கள் பாகத்தில் கணக்கிடுகிறார்கள். அதே பாகக் கணக்கில், தமிழில், மீன்வளத் துறை அதை அச்சிட்டுத் தரட்டும்.

அடுத்த வாரம்: சனியின் துணைக்கோள் டைட்டனில் 160 மீட்டர் ஆழ மீத்தேன் கடலை காசினி அளந்த விதம்.

(தொடரும்)